கள்ளன் என்றோமே!

2015 டிசம்பரில் குசல் பெரேரா மீது ஊக்கமருந்துக் குற்றம் சுமத்தப்பட்டபோது, கல்முனைக்குடித் தேநீர்க் கடையில் ஒரு சாரார் “கள்ளன்” என்றனர். மறு சாரார் “நம்மவர் செய்யார்” என்றனர். ஆசிரியனாகிய நானும் முதற் கட்சியே. சான்று எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

2016 மே மாதம் கட்டார் ஆய்வுகூடம் தன் முடிவை மீளப் பெற்றது; சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் உலகக் கிண்ண இருபதுக்கு இருபது போட்டிகள் முடிந்துவிட்டன. அவர் இழந்ததை மீட்டளிப்பவர் யார்?

அப்படியானால் நம்மவரைக் கண்மூடி நம்புவதா? அதுவும் பேதைமையே! 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மரியன் ஜோன்ஸைக் கொண்டாடிய அமெரிக்க ரசிகர்க்கு, 2007இல் அவரது வாக்குமூலமே விடையாயிற்று. அன்று வெள்ளியை இழந்து வெண்கலத்தோடு நின்றவர் நம் சுசந்திகா.

சோதனை வேண்டும்; சோதிப்பவரையும் சோதிக்க வேண்டும். ஆராயுமுன் தீர்ப்பளிக்கும் ஆசிரியன் மாணவனுக்கு எந்த அறிவியலைக் கற்பிப்பான்?