பொதுக் கம்பிக்குப் பொதுக் கணக்கு

திண்டுக்கல் சீமையில் மின்சாரம் இன்று விளக்கெரிக்கும் வசதி மாத்திரமன்று. உழவுக்கும் நெசவுக்கும் அதுவே மூலாதாரம். கிணற்று நீர் மேலேறுவதும், வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளில் கதிர்கள் சுழல்வதும், சின்னாளபட்டி நெசவாளர் வீட்டுத் தறிமேல் வெளிச்சம் விழுவதும் அதனால்தான். மின்சாரம் வருகிறதா, போதிய வோல்டேஜுடன் வருகிறதா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அது தூய்மையாக வருகிறதா என்று கேட்கும் பழக்கமோ இன்னும் வரவில்லை. இந்த மூன்றாவது கேள்வியைத் தனித்தனி அங்கத்தினர் கேட்டுப் பயனில்லை, சங்கமே கேட்க வேண்டும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

புதிதாக வாங்கிய கெப்பாசிட்டர் சில மாதங்களில் வயிறு உப்பிப் போவதும், அளவுக்குள் ஓடும் மோட்டாரின் காயில் கருகுவதும், சுமை மிகாத டிரான்ஸ்பார்மர் கொதிப்பதும் ஊருக்கு ஊர் கேட்கும் புகார்கள். இவற்றிற்குக் காரணங்கள் பல. குறைந்த வோல்டேஜ், மூன்று பேஸில் ஒன்று அறுந்துபோதல், நீரற்ற கிணற்றில் பம்பு ஓடுதல், மட்டமான காயில் வேலை ஆகிய யாவும் மோட்டாரை எரிக்கும். எல்லாப் பழியையும் ஒரே இடத்தில் சுமத்துவது நியாயமன்று. ஆயினும், இவற்றுள் எதுவும் பொருந்தாதபோது தேட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. பொறியாளர்கள் அதனை ஹார்மானிக்ஸ் என்பர். தமிழில் சீரிசை அலைகள் எனலாம்.

இசையறிந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு வேகமுள்ள நுண்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். சாதாரணத் தோற்கருவியில் இந்த ஒழுங்கு இராது. மிருதங்கத்திலோ, தோலின் நடுவே அப்பிய கரணையினால் அவ்வொழுங்கு அமைந்துவிடுகிறது. திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். எந்தச் சீரான அலையையும் இவ்வாறு அடிப்படை அலையாகவும் அதன் முழு மடங்குகளாகவும் பிரித்துக் காட்டலாம் என்ற கணக்கைப் பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822-இல் வெளிவந்த தமது நூலில் வகுத்திருந்தார். மிருதங்கத்தில் இனிமை தரும் அதே மடங்கலைகள் மின்கம்பியில் புகுந்தால் தீமை செய்கின்றன.

மின்நிலையம் அனுப்பும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் வழுவழுப்பான அலை. பழைய பம்பு மோட்டாரும் குண்டு பல்பும் ஏறத்தாழ அதே வடிவத்திலேயே மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். இவை நேரியல் சுமைகள். எல்.இ.டி. விளக்கு, கணிப்பொறி, தொலைக்காட்சி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஆகியவை அப்படியல்ல. அவை மின்சாரத்தை முதலில் ஒருதிசையாக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், அலையின் உச்சியில் மாத்திரம் வெடுக்கென்று இழுத்து, மற்ற நேரத்தில் வாளாவிருக்கின்றன. இவையே நேரியல் அல்லாத சுமைகள். தொடர்ந்து நீர் பாயும் வாய்க்காலில் ஒருவர் மாத்திரம் குடம் குடமாக அள்ளினால் கீழ்மடைவரை நீர் தளும்புவதுபோல, இவை இழுக்கும் இழுப்பில் பொதுக் கம்பியின் அலையே கோணுகிறது.

இந்தக் கோணலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 150, 250, 350 என்ற அலைகளை உண்டாக்குகின்றன. ஆறு டையோடுகள் கொண்ட மூன்று பேஸ் டிரைவ்கள் 250, 350, 550, 650 என்ற அலைகளை, அதாவது 5, 7, 11, 13 மடங்குகளை உண்டாக்குகின்றன. ஏட்டுக் கணக்கின்படி 5-ஆம் அலை அடிப்படை மின்னோட்டத்தில் 20 சதவிகிதம். 7-ஆம் அலை சுமார் 14. 11-ஆம் அலை சுமார் 9. சோக் பொருத்தாத மலிவான டிரைவ்களில் 5, 7-ஆம் அலைகள் இதனினும் மிகும்.

ஒவ்வொன்றும் தன் வழியில் கேடு செய்கிறது. 5-ஆம் அலை மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்ற முயல்கிறது. மோட்டார் திரும்பிச் சுழலாது. அந்த முயற்சி முழுவதும் சூடாகவே முடியும். 3-ஆம் அலைகள் மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரல் கம்பியில் கூடிவிடுகின்றன. டிரான்ஸ்பார்மரின் சுருள்களில் எழும் சுழலோட்ட இழப்பு அலைவேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. கெப்பாசிட்டரோ அலைவேகம் மிக மிக எளிதில் வழிவிடும் பொருள். வோல்டேஜில் 5 சதவிகிதம் 5-ஆம் அலை கலந்திருந்தால், கெப்பாசிட்டருக்குள் 25 சதவிகிதம் அதிக ஓட்டம் அந்த வேகத்தில் பாயும்.

இதனைக் கேட்டு, டிரைவே வேண்டாம், எல்.இ.டி. விளக்கே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. காற்றாடியின் வேகத்தை 80 சதவிகிதமாகக் குறைத்தால் அது உண்ணும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிறது. நூற்பாலையின் ஈரப்பதக் காற்றாடிகளுக்கு டிரைவ் பொருத்துவது இதனால்தான். சிக்கனம் தரும் கருவியைத் தள்ளிவைப்பது அறிவுடைமையாகாது. அதனைக் கணக்கின்றிப் பொருத்துவதும் அறிவுடைமையாகாது.

கணக்கில்லாமல் செய்யும் காரியங்களுள் மிகப் பெரியது கெப்பாசிட்டர் விஷயம். பவர் பேக்டர் குறைந்தால் கெப்பாசிட்டர் போடு என்பது நாம் நெடுங்காலமாகக் கேட்டு வரும் உபதேசம். நேரியல் சுமைகள் மாத்திரம் இருந்த காலத்தில் அது முற்றிலும் சரி. இன்று அதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஊஞ்சலைப்போல் அவற்றிற்கென்று ஓர் இயல்பான ஆட்டவேகம் உண்டு. அந்த வேகமும் ஏதேனும் ஒரு சீரிசை அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால், சிறு தள்ளலுக்கே ஊஞ்சல் உயர எழுவதுபோல் அந்த அலை பன்மடங்கு வீங்கிவிடும். இதனை ஒத்ததிர்வு என்பர்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று நீண்ட கிராமத்து மின்பாதையின் கோடியில் இருப்பதாகக் கொள்வோம். டிரான்ஸ்பார்மரும் பாதையும் சேர்ந்த மின்மறிப்பு 7 சதவிகிதம். ஆகவே அவ்விடத்தின் குறுக்குச்சுற்று வலிமை 100-ஐ 0.07-ஆல் வகுக்க, சுமார் 1,430 கே.வி.ஏ. அதில் 5 குதிரைசக்திப் பம்பு செட்டுகள் பல. ஒவ்வொன்றிலும் 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர். அதே டிரான்ஸ்பார்மரில் 20 கே.வி.ஏ. அளவுக்கு டிரைவ் வைத்த சிறு தறிக்கூடம் ஒன்று. வலிமையைக் கெப்பாசிட்டரின் மொத்த அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எந்த மடங்கில் ஊஞ்சல் ஆடும் என்பது தெரியும்.

ஆறு பம்புகள் ஓடும்போது கெப்பாசிட்டர் 12, விடை 10.9. அதாவது 11-ஆம் அலையின் வாசலில் நிற்கிறோம். பதினான்கு பம்புகள் ஓடினால் கெப்பாசிட்டர் 28, விடை 7.1. பதினைந்து ஓடினால் 6.9. இப்போது 7-ஆம் அலை வாசலுக்கு வந்துவிட்டது. கெப்பாசிட்டர் இல்லாதபோது தறிக்கூடத்தின் 7-ஆம் அலை வோல்டேஜைச் சுமார் 1.4 சதவிகிதமே கோணச் செய்யும், அது பொறுக்கக்கூடியதே. ஒத்ததிர்வில் மூன்று மடங்கே வீங்கியது என்று வைத்துக்கொண்டாலும் 4.2 சதவிகிதமாகும், ஒவ்வொரு கெப்பாசிட்டருக்குள்ளும் அதனால் சுமார் 29 சதவிகிதம் அளவுக்கு 7-ஆம் அலை ஓட்டம் புகும். ஓடும் மோட்டார்களையும் கணக்கில் சேர்த்தால் இவ்வெண்கள் சற்று மேல்நோக்கி நகரும். மற்றச் சுமைகள் வீக்கத்தை ஓரளவு தணிக்கவும் செய்யும். ஆயினும் கணக்கின் சாரம் மாறாது.

இதில் குற்றவாளி யார்? தறிக்கூடத்தார் டிரைவ் வாங்கியது சிக்கனத்திற்காக. உழவர் கெப்பாசிட்டர் போட்டது நல்லுபதேசத்தைக் கேட்டு. இருவரும் தவறு செய்யவில்லை. இருவரும் சேர்ந்த இடத்தில் தீங்கு பிறந்தது. பதினைந்தாவது பம்பைப் போட்டவருக்குத் தம்மால் பக்கத்துத் தோட்டத்துக் கெப்பாசிட்டர் உப்பியது தெரிய வழியில்லை. தனியொருவர் எத்தனை விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும் இது தீராது. பல நீர்ப்பாங்குகள் ஒரே ஏரியில் இருப்பதுபோல் பல மீட்டர்கள் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கின்றன. ஏரிக்கு நீர்முறை வகுத்த நம் முன்னோர் அதனை ஊர்க் காரியமாகவே செய்தனர்.

சட்டம் இதனைக் கவனியாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2007-இல் வகுத்த விதிகள், வோல்டேஜில் மொத்தக் கோணல் 5 சதவிகிதத்தையும், தனியோர் அலை 3 சதவிகிதத்தையும், மின்னோட்டத்தில் மொத்தக் கோணல் 8 சதவிகிதத்தையும் தாண்டலாகாது என்றன. 2019-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டுக் கட்டண ஆணை, வரம்பை மீறும் உயர் அழுத்த நுகர்வோரிடம் கட்டணத்தில் 15 சதவிகிதம் இழப்பீடு வாங்க வகை செய்தது. நூற்பாலைகள் விழித்துக்கொண்டு வடிகட்டிகள் பொருத்தத் தலைப்பட்டதற்கு இத்தகைய விதிகளே தூண்டுகோல். ஆனால் இவை பெரிய நுகர்வோருக்கு ஏற்பட்டவை. கிராமத்து டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள தறிக்கூடத்தையும் தோட்டத்தையும் யார் அளப்பது? சிறியவர்க்கும் அபராதம் விதியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அவ்வாறு கேட்பது கொடுமை. அபராதத்திற்குப் பதில் அளவீடு வேண்டும் என்கிறோம்.

‘உழவருக்கு மின்சாரம் இலவசம், விசைத்தறிக்கும் 2023 முதல் இரு மாதத்திற்கு 1,000 யூனிட் இலவசம், பிறகென்ன கவலை?’ என்று சிலர் கேட்கக்கூடும். மின்சாரம் இலவசம்; கருகிய மோட்டார் இலவசமன்று. காயில் கட்டும் கூலியும், கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலியும், நீரின்றி வாடிய பயிரின் நஷ்டமும் உழவர் தலையிலேயே விழுகின்றன. இந்தக் கவலையை முதலாக்கி, மின்சேமிப்புப் பெட்டி என்ற பெயரில் வெறும் கெப்பாசிட்டரை வீடு வீடாக விற்பவரும் உண்டு. யூனிட்டுக்கு மாத்திரம் பணம் கட்டும் வீட்டுக்கு அதனால் சேமிப்பில்லை. மேலே சொன்ன கணக்கில் இன்னொரு புள்ளியைக் கூட்டுவதே அதன் பயன்.

ஆகவே நமது சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு என்று கருதுகிறோம். முதலாவது, பட்டியல்: ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் கீழும் எத்தனை மோட்டார், எத்தனை டிரைவ், எத்தனை கெப்பாசிட்டர் என்று ஒரு பதிவேடு. இரண்டாவது, கணக்கு: நேரியல் சுமைகளை மின்தடையாகவும் தூண்டியாகவும், டிரைவ்களை ஒவ்வொரு மடங்கிலும் ஓட்டத்தைச் செலுத்தும் ஊற்றாகவும் கொண்டு, 5, 7, 11 என்று மடங்குதோறும் வோல்டேஜைக் காண்பது. பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகள் கணிப்பொறியில் செய்யக்கூடிய பயிற்சியே இது. மூன்றாவது, அளவீடு: கணக்கு எவ்வளவு நல்லதாயினும் மாதிரி மாதிரிதான். பல டிரைவ்களின் அலைகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்வதுண்டு. வோல்டேஜ் கோணும்போது டிரைவ் இழுக்கும் ஓட்டமும் மாறுவதுண்டு. எனவே அளவுக்கருவி வைத்துப் பம்புகள் ஓடும் நேரத்திலும் ஓயும் நேரத்திலும் அளந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும். நான்காவது, கூட்டுக் கொள்முதல்: டிரைவ் வாங்கினால் சோக்குடன் வாங்குவது, ஒத்ததிர்வு நேரும் இடத்தில் கெப்பாசிட்டருடன் 7 சதவிகித ரியாக்டர் சேர்ப்பது. அவ்வாறு சேர்த்தால் அந்த இணைப்பின் ஆட்டவேகம் 189-ஆகி, 250-க்குக் கீழே அடங்கிவிடும். 5, 7-ஆம் அலைகள் அதனை ஆட்ட மாட்டா.

இந்த நான்கில் மூன்றாவது வாங்கிய பிறகு நினைவுக்கு வருவதே வழக்கமாயிருக்கிறது. முதலில் கணக்கு, பிறகு அளவீடு, கடைசியில் கொள்முதல் என்ற வரிசை தவறலாகாது. மின் பகிர்மானக் கழகமும், டிரான்ஸ்பார்மரின் மின்மறிப்பு, பாதையின் வலிமை ஆகிய விவரங்களைக் கேட்கும் சங்கத்திற்குத் தயங்காமல் தர வேண்டும். அவ்விரண்டு எண்களும் இல்லாவிடில் கணக்கே தொடங்காது.

மின்சாரம் பெரிய காரியம், சங்கத்திற்கு அதில் என்ன வேலை என்று மலைப்பவர் தெலங்கானாவிலுள்ள சிரிசில்லாவை நினைப்பாராக. விசைத்தறிக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் 1970-இல் ஏற்பட்ட கூட்டுறவு மின்வழங்கல் சங்கம், நெசவாளர்க்கும் உழவர்க்கும் மின்சாரத்தைத் தானே வாங்கிப் பகிர்ந்து வருகிறது. நாம் கேட்பது அத்தனை பெரிய பொறுப்பன்று. ஒரு பதிவேடு, ஒரு கணக்கு, வாடகைக்கு ஓர் அளவுக்கருவி, வாங்குமுன் ஒரு கூட்டம், இவ்வளவே.

நூலின் நம்பரை எண்ணிப் பாராமல் பாவு ஓட்டும் நெசவாளர் இல்லை. கிணற்றின் ஊற்றைப் பாராமல் பயிர் வைக்கும் உழவரும் இல்லை. அந்த நிதானத்தை மின்கம்பியிடத்தும் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. அடுத்த பொதுக்குழுவில் இவ்விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.