ஹலால் என்று அறிந்தால் மட்டும் போதுமா?

உணவுப் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் நாம் தேடுவது ஹலால் முத்திரையை. இப்பேணுதல் பாராட்டத்தக்கது. ஆயினும் அல்குர்ஆன் 2:168 உணவுக்கு இரு தன்மைகளைக் கூறுகிறது: அது ஹலாலாகவும் இருக்க வேண்டும், தய்யிப், அதாவது தூய்மையானதாகவும் நலம் பயப்பதாகவும் இருக்க வேண்டும்.

நம் இல்லங்களில் காலைச் சிற்றுண்டி முதல் வலீமா விருந்தின் பிரெட் அல்வா வரை ரொட்டிக்கு இடமுண்டு. 2016 மே மாதம், டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன், பாவ் உள்ளிட்ட 38 மாதிரிகளின் சோதனை முடிவை வெளியிட்டது. 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் காணப்பட்டது. புரோமேட் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999-இலேயே வகைப்படுத்தியிருந்தது. நம் நாட்டில் தடை வந்தது 2016 ஜூனில்தான். பன்றிக் கொழுப்பு கலவாத ரொட்டியிலும் புரோமேட் கலந்திருக்கக் கூடும் என்பதை மறக்கலாகாது.

பாதுகாப்பற்ற உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் கடமை என்று 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அதற்கான நடைமுறை விதிகள் 2017-இல் வந்தன. இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டே வரும். எனவே ரொட்டி தீரும்வரை உறையை எறியாதிருப்போம்.

அறிவிப்பு வந்த ரொட்டியை, வீண்விரயம் கூடாதென்று கருதி, பணிப்பெண்ணுக்கோ யாசிப்பவருக்கோ கொடுத்துவிடுவோர் உண்டு. அது ஸதகா ஆகாது. நாமே ஏற்க விரும்பாத மட்டமானதைத் தர்மம் செய்வதை அல்குர்ஆன் 2:267 தடுக்கிறது. அதனை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுப்பதே முறை.

பேக்கரி நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என உணர்த்திய நபியவர்கள், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள் (முஸ்லிம்). மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். பழுதான சரக்கைத் தாமே அறிவித்துத் திரும்பப் பெறுபவர் ஈரத்தை மேலே வைப்பவர். அவரை இகழ்ந்து ஒதுக்கினால், அடுத்தவர் மறைக்கவே கற்றுக்கொள்வார். நேர்மைக்கு நாம் ஆதரவளிப்போம்.

ஹலாலையும் தய்யிபையும் ஒருசேரப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.