கட்டில் இருக்கிறது, பஸ்ஸுக்குக் காசு இல்லை!

புற்று நோய் என்ற பெயரைக் கேட்டாலே குடும்பம் நடுங்குகிறது. உயிர் போய்விடுமோ என்பது ஒரு பயம். வீடு வாசல் போய்விடுமோ என்பது இன்னொரு பயம். இந்த இரண்டாவது பயம் பலரை ஆஸ்பத்திரிப் பக்கமே வர விடாமல் தடுத்துவிடுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. அவருடைய முயற்சியால் 1954-ம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரி பிறந்தது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை ஏழை நோயாளிகளுக்காக உழைத்தார்.

இன்று அரசும் கை கொடுக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்குக் கட்டணம் இல்லை. தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் செல்லுபடியாகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உதவி கிடைக்கும்.

அப்படியானால், நோய் முற்றிய பிறகு பலர் வருவது ஏன்? அறியாமை ஒரு காரணம். ஆஸ்பத்திரிக் கணக்கில் வராத செலவு மற்றொரு காரணம்.

கூலி வேலைக்குப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மார்பில் சிறு கட்டி. வலி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போய்விடும். துணைக்கு வரும் கணவனின் கூலியும் போய்விடும். போக வர பஸ் கட்டணம் வேறு. ஒரு நாள் டாக்டர் பார்ப்பார். இன்னொரு நாள் ஸ்கேன். மற்றொரு நாள் சதை எடுத்துப் பரிசோதனை. முடிவு வாங்க மறுபடியும் ஒரு நாள். ஆபரேஷனுக்கு முன்பே கைப்பணம் கரைந்துவிடுகிறது. "அறுவடை முடியட்டும்", "சீட்டுப் பணம் வரட்டும்" என்று அந்தத் தாய் தள்ளிப் போடுகிறாள்.

கட்டி காத்திருப்பதில்லை. ஆரம்பத்தில் சிறிய ஆபரேஷனோடு தீரக்கூடிய நோய், பரவிய பிறகு மாதக் கணக்கில் மருந்தும் கதிர்வீச்சும் கேட்கிறது. சில சமயம் ஆபரேஷன் செய்யவே முடியாமல் போகிறது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி ஆகிவிடுகிறது. நோயாளிக்கும் நஷ்டம், அரசுக்கும் நஷ்டம்.

ஆகவே, ஆபரேஷனை இலவசமாக்கியது மட்டும் போதாது. பரிசோதனைகளை ஒரே நாளில், சொந்த மாவட்டத்திலேயே முடித்துக் கொடுக்க வேண்டும். துணைக்கு வருபவர் தங்க இடம் வேண்டும். இழந்த கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் வேண்டும். இது நடக்காத காரியமல்ல. காச நோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் பணம் கொடுத்து வருகிறது. அந்த வழியைப் புற்று நோயாளிகளுக்கும் திறந்துவிடலாம்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு தேடி அலையாதீர்கள். இப்போதே வாங்கி வையுங்கள். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால், கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று பெற்று விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்று நோயாளிக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. டாக்டரிடம் சான்று கேளுங்கள்.

முக்கியமாக, கடன் வாங்குவதற்கு முன், நகையை விற்பதற்கு முன், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலரை ஒரு தடவை பாருங்கள். வீட்டில் யாருக்காவது ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ இருந்தால், நாளைக்கே அழைத்துப் போங்கள். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.