எத்தனை வாட்? எத்தனை மணி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பேட்டைகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அதை நினைத்தால், கையோடு தூக்கக்கூடிய பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கலாமா என்று தோன்றுவது இயல்புதானே, சகோதரிகளே?

கடைக்காரர் "இது ஐந்நூறு" என்பார். ஐந்நூறு என்ன? வாட்டா, வாட்-மணியா? கேட்டுவிடுங்கள்! வாட்-மணி என்பது மாடித் தொட்டியில் உள்ள தண்ணீர். வாட் என்பது குழாயின் அகலம். இரண்டும் போதுமானதாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு, 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி 8 மணி நேரம் சுழன்றால் 240. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு 5 மணிக்கு 45. இண்டர்நெட் பெட்டி 10 வாட், 8 மணிக்கு 80. இரண்டு செல்போன்களுக்கு 30. ஆக மொத்தம் 395. மின்சாரத்தை மாற்றித் தருவதில் பெட்டியே சுமார் நூற்றுக்குப் பதினைந்து தின்றுவிடும். ஆகவே 500 வாட்-மணி வேண்டும். உங்களுடையது 75 வாட் பழைய மின்விசிறியா? அப்படியானால் அதற்கே 600. பெட்டி 1,000 வாட்-மணியாக இருக்கட்டும்.

மோட்டார் உள்ளவற்றிடம் ஜாக்கிரதை! ஓடும்போது 150 வாட் கேட்கும் குளிர்சாதனப் பெட்டி, கிளம்பும் கணத்தில் பல மடங்கு கேட்கும். பெட்டியின் 'சர்ஜ்' அளவைப் பாருங்கள். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும், அதை மறந்துவிடுங்கள்.

வீட்டில் மாமனாரோ தாயாரோ ஆக்ஸிஜன் கருவியோடு இருந்தால் கணக்கில் தவறவே கூடாது. ஐந்து லிட்டர் கருவி 350 வாட் வரை கேட்கும். 500 வாட்-மணிப் பெட்டி ஒன்றேகால் மணி கூடத் தாங்காது. எட்டு மணிக்கு 3,300 வேண்டும். அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும், விலையும் அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் மின்சாரமே வேண்டாத ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றையும், டாக்டரைக் கேட்டுத் தயாராக வைப்பதுதான் விவேகம்.

வாங்கியபின் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். மழைக்கு முன் ஓர் இரவு மெயினை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். காகிதக் கணக்கு சரியா என்று விடிவதற்குள் தெரிந்துவிடும்!