கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணியேற்கும் நம் இளந்தம்பதியர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அறை வீடே. ஊரில் உம்மாவின் கண்ணாடி அலமாரியிலோ பூச்சித்திரமும் பொன்விளிம்பும் கொண்ட தேநீர்க் கோப்பைகள் காத்திருக்கின்றன. பூர்வீக வீடு பங்கு பிரியும் நாளில், 'இவற்றை வைக்க இடமேது?' என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். விற்பதற்கு முன் அவற்றை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

சபர் சென்ற நம் முன்னோர் இரங்கூன், பினாங்கு, கொழும்பு முதலிய துறைமுகங்களில் பீங்கான் வாங்கி வந்தனர். சிங்க உடலும் மனித முகமும் கொண்ட முத்திரை அடியில் தென்பட்டால், அது ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1836இல் மட்பாண்டத் தொழிலைத் தொடங்கிய பெட்ரஸ் ரெகூ ஆலையினுடையதாக இருக்கலாம். கீழைநாட்டுச் சந்தைக்கெனவே அவ்வாலை தனிச் சித்திரங்கள் அச்சிட்டு அனுப்பியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென அமெரிக்கா 1891 முதல் விதித்தது. ஆகவே 'இங்கிலாந்து' எனும் சொல் இருந்தால், பொருள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியதே. 'நிப்பான்' என்றிருந்தால் 1921க்கு முந்தியது; 'ஆக்யுபைடு ஜப்பான்' என்றிருந்தால் போருக்குப் பின், 1952க்குள் செய்யப்பட்டது. முத்திரையே இல்லையெனில் பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். போலி முத்திரைகளும் உண்டு!

நமக்கும் பீங்கானுக்கும் உள்ள உறவு தேநீருக்கும் முந்தியது. பாரசீகத்தின் 'பிங்கான்' அரபியில் 'ஃபின்ஜான்' ஆயிற்று. நம் 'பீங்கான்' அச்சொல்லின் உறவே. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் பல 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

வைத்துக்கொள்ள முடிவு செய்தோர்க்குச் சில சொற்கள். விரலால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம். (தடித்த மண்பீங்கான் இயல்பிலேயே அவ்வளவாக ஒலிக்காது.) தேய்ப்புத்தூள் பொன்விளிம்பை உரித்துவிடும்; வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும். கைப்பிடியைப் பற்றித் தூக்காதீர்கள்; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலின் விருந்தினர்க்கு அழகாகக் காட்டலாமேயன்றி, எலுமிச்சைத் தேநீரை அதில் ஊற்றிக் கொடுப்பது தகாது. வளைகுடா நாடுகளில் உள்ள உறவினர்க்கு அனுப்ப எண்ணுவோரும் கவனிக்க: நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புடைய பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடந்தராது.

முழுத் தொகுப்பில் இரண்டு கோப்பை குறைந்தால் வணிகர் விலையைக் குறைப்பார். குடும்பத்தார்க்கு அது ஒரு குறையன்று. யார் வாங்கி வந்தார், எந்தத் துறைமுகத்தில், யாருடைய திருமணத்திற்காக என்பதே நமக்கு வேண்டியது. அதை எந்த முத்திரையும் சொல்லாது. உம்மம்மாவிடம் இப்போதே கேட்க வேண்டும். கேட்டதைத் துண்டுத்தாளில் எழுதிக் கோப்பைக்குள் இடுங்கள். பசைநாடா கொண்டு ஒட்டிவிடாதீர்கள். அது பிரியும்போது பொன்பூச்சும் உடன் வந்துவிடும்.