மாநிலங்களவை யாருடைய அவை?

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் 2004-ல் பழனி மக்களவைத் தொகுதியில் வாக்களித்தார்கள், 2009-ல் திண்டுக்கல்லில். நடுவே வந்த மறுவரையறையில் பழனி என்ற மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. ஆனால் அன்று மாறியது மாநிலத்துக்குள் இருந்த எல்லைக்கோடுதான். தமிழகத்தின் 39 இடங்களில் யாரும் கைவைக்கவில்லை. மாநிலங்களுக்கிடையிலான பங்கீட்டை 1971 மக்கள்தொகையோடு நிறுத்திய 42-வது, 84-வது அரசமைப்புத் திருத்தங்கள் அதைக் காத்தன. அந்தப் பாதுகாப்பு 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரைதான். 1967-ல் 41 இடங்கள் 39 ஆனதை அறிந்தவர்களுக்கு இடங்கள் குறையும் என்ற கவலை புதிதல்ல.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று நாம் கேட்பது நியாயம். ஆனால் 2011 கணக்குப்படி தமிழகத்தில் ஒரு மக்களவை உறுப்பினருக்குச் சுமார் 18.5 லட்சம் பேர்; பிகாரில் 26 லட்சம். எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்று பேசிவந்த நாம் பிகார்க்காரருக்கு என்ன பதில் சொல்வோம்? 2025 மார்ச்சில் சென்னையில் கூடிய, மறுவரையறை குறித்த மாநிலங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு இன்னும் 25 ஆண்டு அவகாசம் கேட்டது. கிடைத்தாலும் அது தவணைதான்.

நாம் கேட்க வேண்டியது அடுத்த அவையில் இருக்கிறது. மக்களவையில் தமிழகத்தின் பங்கு 7.2 சதவீதம், மாநிலங்களவையில், தேர்ந்தெடுக்கப்படும் 233 இடங்களில் 18, அதாவது 7.7. மாநிலங்களின் பெயரால் இயங்கும் அவை, மக்களவையின் நகலாகவே இருக்கிறது! 2003-லிருந்து வேட்பாளர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பண மசோதா என்றால் 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். சாதாரண மசோதாவில் முரண்டு பிடித்தால் இரு அவைகளின் கூட்டுக்கூட்டம். 2002-ல் பொடா சட்டம் அப்படித்தான் நிறைவேறியது. புதிய கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள், மாநிலங்களவைக்கு 384. அந்த இருக்கைகள் நிரம்பும் நாளில் கூட்டுக்கூட்டத்தில் மாநிலங்களின் குரல் எடுபடுமா?

அமெரிக்காபோல எல்லா மாநிலத்துக்கும் சமமான இடம் என்பது இங்கே நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் மேலவையில் மாநிலத்தின் அளவைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாக்குகள். அந்தப் படிநிலை நமக்கு ஒத்துவரும். இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியின் டயருக்கு வரி விகிதத்தைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில், கோவாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு. அதனால் நாடு உடைந்துவிடவில்லை.

ஆகவே கோரிக்கை இப்படி இருக்கலாம்: மக்களவை மக்கள்தொகைப்படி மெல்ல மாறட்டும், பதிலுக்கு மாநிலங்களவையில் படிநிலைப் பங்கீடு, குடியிருப்பு நிபந்தனை, மாநில அதிகாரத்தைத் தொடும் மசோதாக்களுக்குக் கூட்டுக்கூட்டத்திலிருந்து விலக்கு.

இதற்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். இமாச்சலம், கோவா, வடகிழக்கு மாநிலங்களுக்கும் இதில் லாபம் உண்டு. தென்னகம் மட்டும் கூடிப் பேசினால் அவர்கள் வரமாட்டார்கள். மக்களவையை இப்போதைய 550 என்ற உச்சவரம்புக்கு மேல் பெரிதாக்க 81-வது பிரிவைத் திருத்தியாக வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. பேரம் பேசுவதற்கான நேரம் அந்த வாக்கெடுப்புக்கு முன்புதான்.