ஏ.சி.க்கு முன்னால் கூரை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயுக் கொதிகலனுக்கு மாற்றாக ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் சேர்க்கும் கருவி அது. திசையைத் திருப்பினால் நம்முடைய ஏ.சி.தான். கூரைக்கு வெப்பத்தடுப்பு பரிந்துரைக்கப்பட்ட வீடுகள் அதை முடித்தால்தான் பொதுவாக மானியம் என்றொரு நிபந்தனை அங்கே இருந்தது. 2024 மே மாதம் அது நீக்கப்பட்டது. அந்த முடிவு எனக்கு உவப்பானதன்று.

காரணத்தை அறிய இலண்டன் செல்ல வேண்டியதில்லை. செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரமே போதும். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தன்னுள் தேக்கி, பல மணி நேரம் கழித்தே உள்ளே விடும். முற்றமும் நாட்டு ஓடும் இருந்தவரை அது வெளியேற வழி இருந்தது. முற்றத்தை மூடி, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டதும் அந்த வழி அடைபட்டது. அத்தகைய வீட்டில் இரவு பத்து மணிக்கு ஏ.சி.யைப் போட்டால், அறைக் காற்றோடு, நாள் முழுதும் வெயில் குடித்த தளத்தோடும் சுவரோடும் அது போராட வேண்டியிருக்கிறது.

இந்தப் போராட்டத்துக்கு விலை உண்டு. ஒன்றரை டன் கருவி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாகக் கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரு மாதங்களில் 480 யூனிட். மற்ற பயன்பாட்டையும் சேர்த்தால் 500-ஐத் தாண்டிவிடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பின்னர் விகிதங்கள் சற்று உயர்ந்தன. இந்தப் படிக்கட்டு அப்படியே நிற்கிறது. தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சோ கூலிங் டைல்ஸோ இடும் செலவை இந்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். கடையில் நட்சத்திரக் குறியீட்டை எண்ணுவது அதற்கு அடுத்த வேலை.

இது ஏ.சி. வாங்க முடிந்தவரின் கணக்கு. வாங்க இயலாதவருக்குக் கூரை ஒன்றே காப்பு. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவது இலக்கு; வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. ஒழுகும் குடிசையிலிருந்து மீட்கும் நல்ல திட்டம்தான். ஆனால், வெறும் கான்கிரீட் தளத்தின் கீழ் மே மாத இரவு எப்படியிருக்கும் என்பது விழுப்புரம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக் கொள்கை வகுத்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் என்று இலக்கும் வைத்தது. தமிழகம் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஒரு வீட்டையே கட்டித்தரும் தொகையைவிட இது அதிகம். கனவு இல்லத்தின் மதிப்பீட்டுப் பட்டியலில் தளத்துக்கான வெள்ளைப் பூச்சையும் ஒரு கட்டாய வரியாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. ஊரக வளர்ச்சித் துறையின் ஓர் அரசாணை போதும்.